ஓராண்டின் முக்கிய நிலநடுக்கங்களைப் பட்டியலிடுவது எப்படி? 2010-ஐ வைத்து ஒரு செய்முறை

2010-இல் நடந்த இரண்டு நிலநடுக்கங்களை அருகருகே வைத்துப் பாருங்கள். ஜனவரி 12, ஹைத்தி, அளவு 7.0. பிப்ரவரி 27, சிலி, அளவு 8.8. சிலியில் வெளிப்பட்ட ஆற்றல் ஹைத்தியைவிட ஏறக்குறைய 500 மடங்கு. சிலியில் இறந்தவர்கள் 525 பேர். ஹைத்தியிலோ, யாருடைய கணக்கை எடுத்தாலும் பல்லாயிரம். அந்நாட்டு அரசின் கணக்கில் 3 லட்சத்துக்கும் மேல். இப்போது ‘ஆண்டின் மிகப் பெரிய நிலநடுக்கம் எது’ என்று ஒருவர் கேட்டால் உங்கள் பட்டியல் என்ன சொல்லும்? அளவு, பாதிப்பு இரண்டும் வேறு வேறு சேதிகள். இரண்டையும் ஒரே நெடுவரிசையில் திணிப்பதில்தான் இணையத்தில் சுற்றும் பெரும்பாலான பட்டியல்கள் கெட்டுப்போகின்றன.

மாணவர், ஆசிரியர், செய்தியாளர், கட்டுரையாளர் யாராக இருந்தாலும் செய்முறை ஒன்றுதான். 2010-ஐ உதாரணமாக எடுத்ததற்குக் காரணம் உண்டு: பட்டியல் போடுபவர் தடுக்கி விழும் இடங்கள் அத்தனையும் அந்த ஓராண்டில் இருக்கின்றன.

முதலில் விதியை எழுதுங்கள்

தரவைத் திறப்பதற்கு முன்பே, எதைச் சேர்ப்பது எதை விடுவது என்று ஒரு தாளில் எழுதிவிடுங்கள். பிறகு எழுதினால், கேள்விப்பட்ட பெயர்கள் உள்ளே வந்துவிடும், கேள்விப்படாதவை வெளியே நின்றுவிடும்.

அமெரிக்காவின் கடல், வளிமண்டல நிர்வாகமான நோவாவிடம் ‘குறிப்பிடத்தக்க நிலநடுக்கங்கள்’ என்றொரு தரவுத்தளம் இருக்கிறது. அதில் இடம்பெற இவற்றில் ஒன்றாவது பொருந்த வேண்டும்: 10 பேராவது இறந்திருக்க வேண்டும், சேதம் ஏறத்தாழ 10 லட்சம் டாலரைத் தொட்டிருக்க வேண்டும், அளவு 7.5 அல்லது அதற்கு மேல். ஓரிடத்தில் எவ்வளவு குலுங்கியது என்பதைச் சொல்லும் மெர்கலி தீவிரம் 10 அல்லது அதற்கு மேல். சுனாமி எழுந்திருக்க வேண்டும். நல்ல விதிதான். ஆனால் பண மதிப்பில் சேதத்தைத் திரட்டுவது தனி ஆளுக்குப் பெரும்பாடு. எனவே மூன்று வாசல் போதும்: அளவு 7.0-உம் மேலும்; இறப்பு 10-உம் மேலும்; கரையில் சேதம் செய்த சுனாமி. எந்த வாசல் வழியாக ஒரு நிலநடுக்கம் உள்ளே வந்தது என்பதற்கென்றே ஒரு நெடுவரிசை வையுங்கள். படிப்பவருக்கு வேறு எதையும்விட அதுதான் அதிகம் உதவும்.

2010-இல் அது எப்படி வேலை செய்கிறது? ஜூலை 23 அன்று பிலிப்பைன்ஸின் மின்டனாவோ அருகே 7.3, 7.6, 7.4 என்று மூன்று நிலநடுக்கங்கள். மூன்றுமே முதல் வாசல் வழியாக மட்டும்தான் வரும். குவியம், அதாவது நிலத்தடியில் அதிர்வு தொடங்கிய இடம், 550 கிலோமீட்டருக்கும் கீழே இருந்ததால் மேலே பெரிய சேதம் இல்லை. மார்ச் 8 அன்று துருக்கியின் எலாசிக் மாகாணத்தில் நடந்தது 6.1தான், 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அது இரண்டாம் வாசல். அக்டோபர் 25 அன்று இந்தோனேசியாவின் மென்டவாய் தீவுகளில் 7.8, அது மூன்று வாசலுக்கும் பொருந்தும்.

தரவை இறக்குவது

அடிப்படைத் தரவுக்கு அமெரிக்க நிலவியல் ஆய்வு மையத்தின், அதாவது யுஎஸ்ஜிஎஸ்-இன், நிலநடுக்கத் தேடல் பக்கம் போதும். இரண்டு முறை இறக்க வேண்டும்.

முதல் முறை: குறைந்தபட்ச அளவு 6.8 என்று கொடுங்கள். விதி 7.0 என்றாலும் 6.8 கொடுப்பதற்குக் காரணம், எல்லையில் நிற்கும் 6.9-கள் வேறொரு நிறுவனத்தின் கணக்கில் 7.0-ஐத் தாண்டியிருக்கலாம், அவற்றை நீங்கள் கண்ணால் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். தொடக்கத் தேதி 2009 டிசம்பர் 31, முடிவு 2011 ஜனவரி 1. இருபுறமும் ஒரு நாள் கூடுதலாக ஏன் என்பது நேரம் பற்றிய பகுதியில் புரியும். வரிசை: பழையது முதலில். வடிவம்: சிஎஸ்வி, அதாவது எக்செல்லில் திறக்கக்கூடிய எளிய அட்டவணைக் கோப்பு.

இரண்டாம் முறை: இதே தேதிகள், குறைந்தபட்ச அளவு 4.5. இறப்புக் கணக்கிலிருந்து வரும் சிறிய நிலநடுக்கங்களுக்குச் சரியான நேரமும் ஆழமும் தேட இது தேவை. 6-க்குக் கீழ் எதுவும் ஆகாது என்று நினைத்துவிடாதீர்கள். 1960-இல் மொராக்கோவின் அகாதிர் நகரை அழித்த நிலநடுக்கம் 6-ஐக்கூட எட்டவில்லை. ஆழம் மிகக் குறைவு, மையம் நகருக்கு அடியிலேயே. இறந்தவர்கள் 12,000-க்கும் மேல்.

ஒரு தேடலுக்கு 20,000 நிகழ்வுகள்தான் உச்சவரம்பு. 4.5-க்கு ஓராண்டு முழுதும் சில ஆயிரத்தில் அடங்கிவிடும். அளவை 2.5 வரை இறக்கினால் வரம்பில் முட்டும். மாதம் மாதமாகப் பிரித்து இறக்குங்கள்.

கோப்பைத் திறந்ததும் ‘வகை’ நெடுவரிசையை வடிகட்டுங்கள். குவாரி வெடி, சுரங்கச் சரிவு, அணுகுண்டுச் சோதனை, எரிமலை வெடிப்பு எல்லாம் அதே பட்டியலில் வரலாம். வட கொரியாவின் 2017 செப்டம்பர் சோதனை 6.3 என்றே பதிவாகியிருக்கிறது. அடுத்து ‘நிலை’ நெடுவரிசை. தானியங்கி என்று இருந்தால் மனிதர் யாரும் இன்னும் சரிபார்க்கவில்லை என்று பொருள். அந்த வரிசைக்கு ஒரு நிறம் கொடுத்து வையுங்கள்.

எண்ணிக்கை சரியா என்று ஒரு சோதனை: உலகில் ஓராண்டுக்கு 7.0-க்கு மேல் சராசரியாக ஏறத்தாழ 15 நிகழும், 6.0 முதல் 6.9 வரை 130 சொச்சம். 2010 சராசரியைத் தாண்டிய ஆண்டு; 7.0-க்கு மேல் 20-க்கும் அதிகம். உங்கள் கையில் 6 இருந்தாலோ 60 இருந்தாலோ தேடலில் எங்கோ பிசகு.

நேரம்: பெரும்பாலான பிழைகள் பிறக்கும் இடம்

கோப்பில் நேரம் யுடிசி-யில், அதாவது உலகப் பொது நேரத்தில், இருக்கும். மக்கள் நினைவில் இருப்பது உள்ளூர்த் தேதி. 2010-இல் மட்டும் பாருங்கள்:

- சீனாவின் யூஷு: யுடிசி ஏப்ரல் 13, 23:49. உள்ளூரில் ஏப்ரல் 14, காலை 7:49.
- நிக்கோபார் அருகே 7.5: யுடிசி ஜூன் 12, 19:26. இந்திய நேரம் ஜூன் 13, நள்ளிரவு தாண்டி 12:56.
- நியூசிலாந்தின் டார்ஃபீல்டு: யுடிசி செப்டம்பர் 3, 16:35. உள்ளூரில் செப்டம்பர் 4, அதிகாலை 4:35.

ஒரு பட்டியலில் யுடிசி, இன்னொன்றில் உள்ளூர்த் தேதி. இரண்டையும் ஒட்டினால் யூஷு இரண்டு முறை வந்துவிடும். இரண்டு நேரத்துக்கும் தனித்தனி நெடுவரிசை வைப்பதுதான் தீர்வு. வரிசைப்படுத்துவது யுடிசி-யின்படி மட்டும். ஆண்டு எல்லைக்கு எந்த நேரம் என்பதையும் விதித்தாளிலேயே எழுதிவிடுங்கள். டிசம்பர் 31 இரவில் ஒன்று நிகழ்ந்தால் அப்போது கை நடுங்காது.

எக்செல்லில் மாற்றும்போது ஒரு சிக்கல் வரும். கோப்பிலுள்ள நேரம் தேதி, நடுவில் ‘டி’ என்ற எழுத்து, மணி, முடிவில் ‘இசட்’ என்ற வடிவில் இருப்பதால் எக்செல் அதை நேரமாக எடுத்துக்கொள்ளாது, வெறும் எழுத்தாகவே வைத்திருக்கும். முதல் 10 எழுத்துகளைத் தேதியாகவும், 12-ஆவது எழுத்திலிருந்து 8 எழுத்துகளை மணியாகவும் பிரித்து மதிப்பாக மாற்றிக் கூட்டுங்கள். பிறகு அந்த இடத்தின் மணி வித்தியாசத்தை 24-ஆல் வகுத்துச் சேருங்கள். இந்திய நேரத்துக்கு 5.5-ஐ 24-ஆல் வகுக்க வேண்டும்.

இங்கே ஒரு கண்ணி. இன்றைய நேர வித்தியாசத்தைப் பழைய ஆண்டுக்குப் போடக் கூடாது. துருக்கி 2016-லிருந்துதான் ஆண்டு முழுவதும் யுடிசி-க்கு 3 மணி முன்னால் இருக்கிறது. 2010 மார்ச்சில் 2 மணிதான். எலாசிக் நிலநடுக்கம் யுடிசி 02:32. உள்ளூரில் அதிகாலை 4:32. இன்றைய கணக்கைப் போட்டால் 5:32 என்று வரும். மக்கள் தூக்கத்தில் இருந்தார்களா விழித்துவிட்டார்களா என்பதைச் சொல்லும் ஒரு மணி நேரம் அது. பிப்ரவரியில் சிலி கோடை நேரத்தில் இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். யுடிசி 06:34 அங்கே 3:34.

அளவு: எண்ணோடு வகையையும் எழுதுங்கள்

‘ரிக்டர் அளவுகோலில் 8.8 ஆகப் பதிவானது’ என்று எழுதுவது நமக்குப் பழகிப்போயிற்று. சார்லஸ் ரிக்டர் 1935-இல் அந்த அளவுகோலை அமைத்தது தெற்கு கலிபோர்னியாவுக்காக, குறிப்பிட்ட ஒரு கருவியை அடிப்படையாகக் கொண்டு. தொலைவிலிருந்து பதிவாகும் பெரிய நிலநடுக்கங்களுக்கு அது பொருந்தாது. இன்று பெரியவற்றுக்குத் தருவது திருப்புத்திறன் அளவு, சுருக்கமாக எம்டபிள்யூ. பட்டியலில் ‘8.8, எம்டபிள்யூ, யுஎஸ்ஜிஎஸ்’ என்று மூன்று கட்டங்களில் போடுங்கள். ‘8.8 புள்ளிகள்’ என்பதும் தவறு. இதற்கு அலகு கிடையாது.

ஏன் வகை முக்கியம்? ஒரு விநாடி அளவிலான அலைகளை வைத்துக் கணக்கிடும் எம்பி வகை 6.5-ஐத் தாண்டும்போது மட்டுப்படத் தொடங்கும். 20 விநாடி மேற்பரப்பு அலைகளை வைத்த எம்எஸ் வகை 8-ஐ ஒட்டி மட்டுப்படும். நிலநடுக்கம் எவ்வளவு பெரிதானாலும் எண் ஏறாது. 2011-இல் ஜப்பானின் தோஹோக்கு நிலநடுக்கத்துக்கு அந்நாட்டு வானிலை முகமை முதலில் சொன்னது 7.9. பிறகுதான் படிப்படியாக 9.0 ஆயிற்று. முதல் மணி நேரச் செய்தியிலிருந்து எண்ணை எடுப்பவர்கள் இதனால்தான் தவறுகிறார்கள்.

நிறுவனங்களுக்குள் வேறுபாடும் இயல்பு. யூஷுவுக்கு யுஎஸ்ஜிஎஸ் 6.9 எம்டபிள்யூ, சீன மையம் 7.1 எம்எஸ். இரண்டும் சரி, வேறு அலைகளை அளந்த எண்கள். பட்டியல் முழுவதற்கும் ஒரே நிறுவனத்தின் எண்ணை எடுத்து, நாட்டு மையத்தின் எண்ணைக் குறிப்பில் போடுங்கள். சராசரி எடுக்கவே கூடாது. 7.0 என்ற அந்தச் சராசரி யாரும் அளக்காத ஒன்று.

யூஷு நம் முதல் வாசலின் விளிம்பில் நிற்பதைக் கவனித்திருப்பீர்கள். 2,698 பேர் இறந்ததால் இரண்டாம் வாசல் வழியே எப்படியும் வந்துவிடுகிறது. ஆனால் கடலில், யாரையும் பாதிக்காத 6.9 ஒன்று இப்படி நின்றால் அதை விட்டுவிடுங்கள். விதி விதிதான்.

அளவுகளை ஒப்பிட ஒரு வாய்ப்பாடு: வித்தியாசத்தை 1.5-ஆல் பெருக்கி, 10-இன் அடுக்காக ஏற்றுங்கள். சிலிக்கும் ஹைத்திக்கும் வித்தியாசம் 1.8, 1.5-ஆல் பெருக்கினால் 2.7; 10-இன் 2.7 அடுக்கு ஏறக்குறைய 500. ஓர் அளவுக்கு 32 மடங்கு ஆற்றல் என்பதும் இதிலிருந்து வருவதே. 2010-இன் மற்ற நிலநடுக்கங்கள் அத்தனையின் ஆற்றலையும் கூட்டினாலும் சிலியின் ஒன்றுக்கு ஈடாகாது.

தீவிரம் வேறு சங்கதி. ஓரிடத்தில் எவ்வளவு குலுங்கியது என்பதைச் சொல்வது அது. ஒரே நிலநடுக்கத்துக்கு ஊருக்கு ஊர் மாறும். ஜப்பானிய தீவிர அளவு 0 முதல் 7 வரை. ‘ஜப்பானில் தீவிரம் 7’ என்ற செய்தியைப் பார்த்து அளவு நெடுவரிசையில் 7 என்று போட்டுவிடாதீர்கள்.

ஆழமும் இடமும்

ஆழம் 10 கிலோமீட்டர் என்று அச்சு அசலாக நின்றால் சந்தேகப்படுங்கள். அருகில் நிலையங்கள் போதாதபோது கணக்கீட்டில் ஆழத்தை 10 என்று நிலைநிறுத்திவிடுவார்கள். பழைய பதிவுகளில் 33. அது அளந்த எண் அல்ல. ஆழப் பிழை நெடுவரிசை இருக்கிறது, அதையும் பாருங்கள். படிப்பவருக்கு 70 கிலோமீட்டருக்குள் மேலோட்டம், 70 முதல் 300 வரை நடுத்தரம், அதற்குக் கீழ் ஆழம் என்று மூன்றாகப் பிரித்துக் காட்டினாலே போதும்.

மேல்மையம் என்பது நிலத்தடிப் பாறையின் முறிவு தொடங்கிய புள்ளிக்கு நேர் மேலே உள்ள இடம் மட்டுமே. சிலியில் முறிவு ஏறத்தாழ 500 கிலோமீட்டர் நீளம் ஓடியது. வரைபடத்தில் ஒரு புள்ளி வைத்து, ‘மையத்திலிருந்து இத்தனை தூரம், எனவே பாதிப்பு குறைவு’ என்று எழுதினால் தவறாகிவிடும். 7.5-க்கு மேல் போகும்போது முறிவின் நீளத்தைக் குறிப்பில் தாருங்கள். வரைபடத்துக்குப் பசிபிக்கை நடுவில் வைத்த படம் எடுங்கள். இல்லாவிட்டால் 180 பாகை தீர்க்கரேகையில் டோங்கா ஓர் ஓரத்திலும் வனுவாட்டு மறு ஓரத்திலும் போய் நிற்கும். வட்டத்தின் பரப்பை ஆற்றலுக்கு ஏற்பப் போட்டால் சிலி ஒன்றே படத்தை விழுங்கிவிடும். 6, 7, 8 என்று மூன்று நிலையான அளவுகளில் வட்டம் போதும்.

பின்னதிர்வுகளை என்ன செய்வது

சிலியின் முதன்மை அதிர்வுக்குப் பிறகு 6-க்கு மேல் பல வந்தன. மார்ச் 11 அன்று பிச்சிலெமு அருகே 7.0 அளவை ஒட்டி அடுத்தடுத்து இரண்டு. இவற்றைத் தனி வரிசையாகப் போட்டால் பட்டியலைச் சிலியே நிரப்பும். விட்டுவிட்டால் உண்மை குறையும். வாசலைத் தாண்டும் பின்னதிர்வுக்கு வரிசை கொடுத்து, முதன்மை அதிர்வின் எண்ணை அதன் அருகே எழுதுவதே நல்லது.

எது பின்னதிர்வு என்று முடிவு செய்யப் பலரும் கையாள்வது கார்ட்னர், நோபாஃப் இருவரும் 1974-இல் தந்த சாளரம், அதாவது முதன்மை அதிர்விலிருந்து இத்தனை தூரம், இத்தனை நாளுக்குள் வருவது பின்னதிர்வு என்ற வரம்பு: அளவு 6-க்கு 54 கிலோமீட்டர், 510 நாள், 7-க்கு 70 கிலோமீட்டர், 915 நாள், 8-க்கு 94 கிலோமீட்டர், 985 நாள். கலிபோர்னியாவுக்காக உருவானது அது. 8.8-க்கு 500 கிலோமீட்டர் முறிவு இருக்க, 100 கிலோமீட்டருக்குள் மட்டும் தேடினால் பாதி தப்பிவிடும். பெரியவற்றுக்கு முறிவின் முழு நீளத்தையும் சாளரமாக வையுங்கள்.

இரண்டு பட்டியல்களில் ஒரே நிகழ்வைப் பொருத்தும்போது நேரம் 30 விநாடிக்குள், இடம் 100 கிலோமீட்டருக்குள் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரே தேதி, ஒரே பகுதி என்று ஒன்றாக்கினால் மின்டனாவோவின் மூன்றும் ஒன்றாகிவிடும். அவை 22:08, 22:51, 23:15. ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டன.

இறப்பு எண்கள்

இந்த நெடுவரிசைக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் கொடுங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் யார் சொன்னது, எந்தத் தேதியில் என்று இல்லாவிட்டால் அந்த எண்ணை எழுதவே வேண்டாம்.

ஹைத்திக்கு 2,22,570 என்ற எண் ஐ.நா. ஆவணங்களில் பரவலாக வரும். ஓராண்டு நிறைவின்போது அரசு 3,16,000 என்றது. வீடு வீடாகச் சென்ற ஆய்வுகள் இதைவிடக் குறைவாகவே கணக்கிட்டன. அவற்றுள்ளும் ஒன்றுக்கொன்று பெரிய இடைவெளி. புதைகுழிகளில் எண்ணாமல் அடக்கம் செய்யப்பட்ட மனிதர்கள் அவர்கள்; துல்லியமான எண் இனி வராது. எனவே ஒற்றை எண்ணைத் தேர்ந்து உறுதியாக எழுதுவதைவிட, ‘அரசு: 3,16,000, ஐ.நா. ஆவணங்கள்: 2,22,570, ஆய்வுகள்: இதைவிடக் குறைவு’ என்று எழுதுவதே அவர்களுக்கு நாம் செய்யும் நேர்மை.

சிலியில் நேர்மாறாக எண் இறங்கியது. முதல் வாரத்தில் 800-க்கும் மேல் என்றார்கள். காணாமல் போனவர்களும் அதில் சேர்ந்திருந்தார்கள். அடையாளம் கண்டு எண்ணியபின் 525 இறப்பு, 25 பேர் காணவில்லை என்றாயிற்று. யூஷுவில் 2,698 இறப்பு, 270 பேர் காணவில்லை. இரண்டையும் கூட்டிய 2,968-ஐ இறந்தோர் கட்டத்தில் எழுதிவிட்டால் இரண்டு இலக்கங்கள் இடம் மாறிய தட்டச்சுப் பிழை போலவே தோன்றும். ‘திருத்த’ வருபவர் இன்னும் குழப்புவார். இறந்தோருக்கு ஒன்று, காணாமல் போனோருக்கு ஒன்று என இரண்டு நெடுவரிசை கட்டாயம்.

எதைச் சேர்ப்பது என்பதையும் வரையறுங்கள். 2010 அக்டோபரில் ஹைத்தியில் காலரா பரவியது; அந்த இறப்புகள் நிலநடுக்கக் கணக்கில் சேராது. சுனாமியில் இறந்தவர்கள் சேர்வார்கள். மென்டவாயில் இறந்த 400-க்கும் மேற்பட்டோரும் அலையில் போனவர்களே. ஜப்பானில் ‘பேரிடர் தொடர்பான மரணம்’ என்று தனிக் கணக்கு உண்டு. 2016 குமாமோட்டோவில் நேரடி மரணம் 50. முகாம்களில், மருத்துவமனைகளில் பின்னர் நேர்ந்தவற்றையும் சேர்த்தால் 270-ஐத் தாண்டும். மூலத்தில் இரண்டில் எது இருக்கிறது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

சேமிப்பதும் திருத்துவதும்

தமிழில் இடப்பெயர்களை நிரப்பிய பிறகு கோப்பைச் சாதாரண சிஎஸ்வி-யாகச் சேமித்தால் தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறிகளாகிவிடும். யுடிஎஃப்-8 சிஎஸ்வி என்ற தெரிவையே எடுங்கள். ஒவ்வொரு நிகழ்வுக்கும் யுஎஸ்ஜிஎஸ் தரும் அடையாள எண்ணை நீக்காதீர்கள். பின்னாளில் அளவு திருத்தப்படும்போது வரிசையைக் கண்டுபிடிக்க அது ஒன்றே வழி.

திருத்தம் கட்டாயம் வரும். பிரிட்டனிலுள்ள சர்வதேச நிலநடுக்கவியல் மையம் உலகெங்கும் உள்ள நிலையங்களின் பதிவுகளைத் திரட்டிச் சரிபார்த்து வெளியிட ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் பிடிக்கும். கடந்த ஆண்டுக்கான பட்டியல் என்றால் தலைப்பிலேயே ‘இந்தத் தேதி வரையிலான தரவு’ என்று போட்டு, ஆறு மாதம் கழித்து ஒரு முறை, இரண்டு ஆண்டு கழித்து ஒரு முறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

2010 பட்டியலை முடிக்கும்போது டார்ஃபீல்டு வரிசையில் ஒரு குறிப்பு சேர்க்க வேண்டும். அதிகாலையில் 7-ஐத் தொட்ட அந்த நிலநடுக்கத்தில் யாரும் நேரடியாக இறக்கவில்லை. அதன் தொடர்ச்சியாக 2011 பிப்ரவரி 22 நண்பகலுக்குப் பின் கிறைஸ்ட்சர்ச்சுக்கு மிக அருகே 6.2 அளவில் வந்த அதிர்வில் 185 பேர் இறந்தார்கள். ஆண்டுக் கணக்கில் அது அடுத்த பட்டியலுக்குப் போய்விடும். இரண்டு வரிசைகளிலும் மற்றதன் அடையாள எண்ணை எழுதி வையுங்கள்.